கடதாசி மரமும் வன்னி மண்ணும்

(விசுவமடுவில் விவசாயிகளும் உயர்தர மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



2022 மார்ச் மாதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைச் சோதனை தள்ளிப்போனது. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. கடதாசி வாங்க டொலர் இல்லை. அதே மாதத்தில் கொழும்பில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய இரண்டு பத்திரிகைகளும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. எங்களுக்கு இது புதினமல்ல. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

அந்த நெருக்கடிக்குப் பிறகு ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வன்னியில் இவ்வளவு காணி கிடக்கிறதே, கடதாசிக்கு மரம் வளர்த்தால் என்ன? ‘வேகமாக வளரும் கன்று, ஐந்து வருடத்தில் வெட்டலாம்’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். கடதாசிக்கு மரத்தின் வேகம் மட்டும் போதாது. மரத்துக்குள் இருக்கும் நார் எப்படிப்பட்டது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அந்த நாரின் குணத்தில் பெரும்பங்கு தாய்மரத்திலிருந்து வருகிறது. மிச்சத்தை மண்ணும் மழையும் காற்றும் எழுதுகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நடுகிறவர், என்ன விளையும் என்று தெரியாமலே காணியைப் பல வருடம் கட்டிப்போடுகிறார்.

முதலில் எங்கள் நாட்டுக் கதை. 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை எழுந்தது. அது மரத்தை நம்பி எழுந்த ஆலையல்ல. வைக்கோலை நம்பி எழுந்தது. தெற்கே எம்பிலிப்பிட்டியவில் பிறகு வந்த ஆலையும் வைக்கோலைத்தான் எதிர்பார்த்தது. கூழ் காய்ச்ச எரிசோடா வேண்டும், வெளுக்கக் குளோரின் வேண்டும். இந்த இரண்டையும் ஆனையிறவு உப்பிலிருந்து செய்தது, இதே முல்லைத்தீவு வீதி தொடங்கும் பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை. வயலும் உப்பளமும் சேர்ந்து கொப்பித்தாளாகலாம் என்று நினைத்த காலம் அது. பரந்தன் தொழிற்சாலை யுத்தத்தில் அழிந்தது. வாழைச்சேனை ஆலை நின்று நின்று ஓடியது.

யுத்தமும் நட்டமும் மட்டும் காரணமல்ல, வைக்கோலின் இயல்பிலும் சிக்கல் இருந்தது. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும். வைக்கோலின் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிலிக்காதான். காய்ச்சிய கரைசலை வற்றவைத்து எரிசோடாவைத் திரும்ப எடுக்க முயன்றால், அந்தச் சிலிக்கா குழாய்களிலும் கொதிகலனிலும் படிந்து அடைக்கும். நாரும் குறுகியது, கூழிலிருந்து தண்ணீர் வடியவும் நேரமெடுக்கும். இதோடு இன்னொன்றும் நடந்தது. அந்தக் காலத்தில் உயரமான நெல்லினங்கள் வயலில் நின்றன. 1970களுக்குப் பிறகு பரவிய பீஜீ இனங்கள் குட்டைத் தண்டுக்காகவே தெரிந்தெடுக்கப்பட்டவை. சாயாமல் நின்று, சத்தைத் தண்டில் செலவழிக்காமல் மணியில் சேர்க்கும். சோற்றுக்கு அது பெரிய வெற்றி. வைக்கோலை மட்டும் பார்த்தால், ஒரு மூடை நெல்லுக்குக் கிடைக்கும் தண்டு குறைந்தது. ஆக, நெல்லின் பரம்பரையலகை மாற்றியபோது ஆலையின் மூலப்பொருளும் மாறியது. இன்று அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே சிதறவிட்டுப் போகிறது. அதைக் கூட்டி அள்ளும் கூலியே கட்டாது.

உலகம் முழுவதும் கூழெடுக்கும் ஆலைகள் பெரும்பாலும் மரத்தைத்தான் காய்ச்சுகின்றன. மரத்துக்குள் என்ன இருக்கிறது? காய்ந்த மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது செலுலோசு. அதுதான் கடதாசியாகும் நார். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைபோன்ற பொருள் இலிக்னின். யூக்கலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரங்களில் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இருக்கும். ஆலையின் வேலை, எரிசோடாவும் சோடியம் சல்பைட்டும் சேர்ந்த கரைசலில் மரத்துண்டைக் காய்ச்சி இந்த இலிக்னினைக் கரைப்பது. இலிக்னின் கூடக்கூட மருந்தும் நெருப்பும் கூடும், கிடைக்கும் கூழ் குறையும். இலிக்னினிலும் வகையுண்டு. அகன்ற இலை மரங்களின் இலிக்னினில் இலகுவாகக் கரையும் அலகுகள் கூடுதலாக இருக்கும், பைன் மரத்தில் அவை இல்லை. ஒரே யூக்கலிப்டஸ் இனத்துக்குள்ளேயே இந்த விகிதம் மரத்துக்கு மரம் மாறும், அதுவும் பரம்பரையாக வரும்.

அடுத்தது நாரின் நீளம். பைன் மரத்து நார் மூன்று மில்லிமீற்றர் வரும். யூக்கலிப்டஸ் நார் ஒரு மில்லிமீற்றரைச் சுற்றி நிற்கும். நீள நார் கிழியாத உறைக் கடதாசிக்கு, குறுநார் எழுதவும் அச்சிடவும் வேண்டிய மழமழப்பான தாளுக்கு. மூன்றாவது கலச்சுவரின் தடிப்பு. சுவர் மெல்லியதாக இருந்தால் நார் நசிந்து தட்டையாகி, பக்கத்து நாரோடு ஒட்டும், தாள் வலுவாகும். சுவர் மெத்தத் தடித்தால் நார் குழாய்போல விறைத்து நிற்கும், ஒட்டாது. நாலாவது மரத்தில் தண்ணீர் ஏறும் கலன்கள். இவை பெருத்திருந்தால் அச்சிடும்போது தாளின் மேற்பரப்பிலிருந்து பிய்ந்து, எழுத்துக்கு நடுவே வெள்ளைப் புள்ளி விழும்.

இந்த இடத்தில் வன்னிக்காரர்களுக்கு ஒரு முரண் தெரியும். நாங்கள் மரத்தை மெச்சுவது வைரத்தைப் பார்த்து. பாலையும் முதிரையும் தலைமுறை தலைமுறையாக வீடு தாங்கி நிற்பவை. பச்சைப் பாலை தண்ணீரில் தாழும். அந்தப் பாரமும், கறையானைக் கிட்ட விடாத கறைப்பொருள்களும் கடதாசி ஆலைக்குப் பகை. கறைப்பொருள் கூழை நிறம்மாற்றும், பிசினாகி இயந்திரத்தில் ஒட்டும், வெளுக்கும் செலவைக் கூட்டும். ஆலை தேடுவது வைரம் ஏறாத, ஒரு கனமீற்றருக்கு 450 முதல் 600 கிலோகிராம் வரையிலான உலர் எடையுள்ள, வெளிறு மிகுந்த இளமரம். ஆகவே வன்னிக் காட்டை வெட்டிக் கடதாசி செய்யலாம் என்று யாராவது சொன்னால், அது சுற்றாடலுக்கு மட்டுமல்ல, ஆலைக் கணக்குக்கும் பிழையான யோசனை. யுத்தகாலத்தில் நின்ற மரங்களுக்குள் செல்துண்டும் சன்னமும் புதைந்து கிடப்பதை மரக்காலைக்காரரிடம் கேட்டால் சொல்வார்கள். வாளையே முறிக்கும் இரும்பு, மரஞ்சீவும் கத்திகளை என்ன செய்யும்!

இனி பரம்பரைக்கு வருவோம். ஒரே காணியில், ஒரே நாளில், ஒரே இன விதையிலிருந்து நட்ட நூறு மரங்களைப் பாருங்கள். பருமனில் வேறுபடும், மரத்தின் அடர்த்தியிலும் வேறுபடும். அந்த வேறுபாட்டில் எவ்வளவு பெற்றோரிடமிருந்து வந்தது என்று மர விருத்தியாளர்கள் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். வளர்ச்சி வேகத்தில் பரம்பரையின் பங்கு குறைவு. பல ஆய்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில். அடர்த்தியில் அது பாதியும் அதற்கு மேலும் வருகிறது. நார் நீளமும் வலுவாகவே பரம்பரையாக வருகிறது. நடைமுறையில் இதன் பொருள் என்ன? பருமனைப் பசளையும் தண்ணீரும் கொடுத்து ஓரளவு கூட்டலாம். அடர்த்தியையும் நாரையும் அப்படிக் கூட்ட முடியாது. நல்ல தாய்மரத்தைத் தெரிந்தெடுத்துத்தான் பெற வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1956இல் புரூஸ் சோபெல் கடதாசி நிறுவனங்களைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டுத்திட்டம் பைன் மரத்தில் இதைத்தான் செய்துகாட்டியது.

விதையிலும் ஒரு சிக்கல் உண்டு. கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டையை நட்டால் கறுத்தக்கொழும்பான்தான் காய்க்கும் என்று நீங்கள் யாரும் நம்புவதில்லை, ஒட்டுக்கன்றுதான் வாங்குகிறீர்கள். கடதாசி மரத்திலும் அதுவே. கலப்பு மரத்தின் விதையில் குணங்கள் சிதறிப்போகும். அதனால் தெரிந்தெடுத்த மரத்தை அடியோடு வெட்டி, கட்டையில் தளிர்க்கும் இளங்கொப்பை நறுக்கி வேர்விட வைக்கிறார்கள். அப்படி வரும் ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு. இதைத்தான் குளோன் என்கிறோம். பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் அராகுரூஸ் நிறுவனத்தின் யூக்கலிப்டஸ் தோட்டங்களைப் பட்டைப் புற்று நோய் தாக்கியபோது, நோய் தொடாமல் நின்ற கலப்பு மரங்களைத் தேடி எடுத்து, இந்த முறையில் பெருக்கினார்கள். நோய் எதிர்ப்போடு அடர்த்தியையும் கூழ் விளைவையும் பார்த்தே தெரிந்தெடுத்தார்கள். அந்த வேலைக்கு 1984இல் மார்க்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. இன்று உலகத்தின் எழுதுதாளிலும் துடைதாளிலும் பிரேசில் யூக்கலிப்டஸ் கூழுக்கு முக்கிய இடமுண்டு.

கிட்டவே பாருங்கள், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்தில் புகளூரில் உள்ள அரசு ஆலை கரும்புச் சக்கையை முதன்மையாக வைத்துத் தொடங்கியது. பிறகு மரத்துக்காக விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்யும் நிலைக்கு வந்தது. ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்து ஆலையும் அப்படியே விவசாயிகளிடம் வந்தது. இவற்றுக்குச் சவுக்கும் யூக்கலிப்டசும் போகின்றன. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் எங்கள் கடற்கரைச் சவுக்கையும் இந்தோனேசியப் பக்கத்து மலைச் சவுக்கையும் கலந்து, ஒட்டுச் சவுக்குக் குளோன்களை விவசாயிகளுக்கு வெளியிட்டது. மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரியும் இதே திசையில் வேலை செய்கிறது. இந்தியாவில் அதுவரை நின்ற சவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சிறிதளவு விதையின் சந்ததி. சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து இளைத்த கூட்டத்துக்குப் பிற நாட்டு விதை புது இரத்தம் பாய்ச்சியது.

ஆனால் அங்கே சிறந்தது இங்கேயும் சிறக்கும் என்று எழுதிவைக்க முடியாது. யூக்கலிப்டசில் கமால்டுலென்சிஸ் என்றோர் இனம். எங்கள் உலர்வலயத்தில் வனத் திணைக்களம் நட்டதும் அதுதான். அவுஸ்திரேலியா முழுவதும் ஆற்றோரங்களில் வளர்வது. அந்த நாட்டின் தென்கிழக்கில் அல்பக்குட்யா ஏரிக்கரையில் எடுத்த விதை, மாரியில் மழை பெறும் மொரோக்கோ போன்ற நாடுகளில் முதலிடம் பிடித்தது. வடகிழக்கில் பெற்போர்ட்டில் எடுத்த விதை, கோடையும் பருவமழையும் உள்ள வெப்பநாடுகளில் முதலிடம் பிடித்தது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று. ஊர் மாறினால் வெற்றி தோல்வி இடம்மாறுகிறது. ஆகவே ‘என்ன மரம்’ என்று கேட்டால் போதாது, ‘எந்த ஊர் விதை’ என்றும் கேட்க வேண்டும்.

இனி எங்கள் மண். உலர்வலயத்தின் மழை ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குள். அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. வைகாசி முதல் சோளகக் காற்று. மரத்துக்குள் இது எப்படிப் பதியும்? தண்ணீர் உள்ள மாதங்களில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மாறிழையம் வேகமாகக் கலங்களைப் பிரிக்கும். கலங்கள் அகலமாகும், சுவர் மெல்லியதாகும். வறட்சியில் அது வேலையைக் குறைக்கும்; கலன்கள் ஒடுங்கும், சுவர் தடிக்கும், மரம் பாரமாகும். வறட்சியில் நோகும் மரம் கறைப்பொருளையும் கூடச் சேர்க்கும். இதனால் ஈரவலயத்தில் வளர்ந்த அதே குளோன் இங்கே பருமனில் சிறுத்து, அடர்த்தியில் கூடி நிற்கக்கூடும். இது எப்போதும் நட்டமல்ல. அடர்த்தி 600ஐத் தாண்டாதவரை ஆலைக்கு அது நல்லதுதான்.

பசளையைப் பற்றியும் ஒரு சொல். பைன் மரங்களில் நைதரசன் கூடினால் சில வருடங்களுக்கு அடர்த்தி குறைவது பலமுறை அளக்கப்பட்டது. யூக்கலிப்டசில் முடிவு மண்ணுக்கு மண் மாறுகிறது. சவுக்கு தன் வேரில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிரின் உதவியால் காற்றிலிருந்தே நைதரசன் எடுக்கும். வறிய மணலில் அது நிற்பது அதனால்தான். காற்றில் சாய்ந்த யூக்கலிப்டஸ் மரம் தன்னை நிமிர்த்த மேற்பக்கத்தில் வேறுவகை நாரை இடும். அதில் செலுலோசு கூட, ஆனால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாள் வலு குறையும். மிக அகல இடைவெளியில் நட்டால் கொப்புகள் பெருத்துக் கணு கூடும். மிக நெருக்கினால் குச்சிகள்தான் மிஞ்சும். வயதும் உண்டு. முதல் சில வருட மரத்தில் நார் குறுகியது, சுவர் மெல்லியது; அவசரப்பட்டு மூன்றாம் வருடத்தில் வெட்டினால் ஆலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இளம்பகுதிதான்.

இதையெல்லாம் ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ‘அ’ மரம் ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 30 கனமீற்றர் வளர்கிறது. அடர்த்தி 420 கிலோகிராம். உலர் மரத்தில் 46 சதவீதம் கூழாகிறது. ‘ஆ’ மரம் 24 கனமீற்றர்தான், அடர்த்தி 540, கூழ் 51 சதவீதம். பெருக்கிப் பாருங்கள். ‘அ’ தருவது ஏறத்தாழ 5.8 தொன் கூழ். ‘ஆ’ தருவது 6.6 தொன். பார்வைக்கு வேகமாக வளர்ந்த மரம் தோற்றுவிட்டது. ஒரு தொன் கூழுக்கு ‘அ’ மரத்தில் 5.2 கனமீற்றர் வெட்டி, ஏற்றி, சீவ வேண்டும், ‘ஆ’வில் 3.6 கனமீற்றர் போதும். லொறிக் கூலியும் மருந்தும் மிச்சம்.

விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்பீர்கள், பரம்பரையலகையே மாற்றிவிட்டால் என்ன என்று. 1999இல் அமெரிக்காவில் வின்சென்ட் சியாங் குழுவினர் ஆஸ்பென் மரத்தில் ஒரு பரம்பரையலகை அடக்கி, இலிக்னினை 45 சதவீதம் வரை குறைத்தார்கள். செலுலோசு 15 சதவீதம் கூடியது. பெரிய செய்திதான். ஆனால் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இலிக்னின் குறைத்த பொப்லர் மரங்களை வயலில் நட்டபோது பல மரங்களில் வளர்ச்சி குன்றியது. ஏன் என்று யோசியுங்கள். இலிக்னின் மரத்துக்கு வேண்டாத பொருள் அல்ல. வேரிலிருந்து உச்சிவரை தண்ணீரை இழுக்கும் கலன்கள் நசியாமல் நிற்பது அதனால்தான். ஆடி மாத வெயிலில் நிற்க வேண்டிய எங்கள் மரத்துக்கு அது இன்னும் அவசியம். ஆலையின் தேவையும் மரத்தின் உயிரும் எதிரெதிரே இழுக்கும்போது இரண்டுக்கும் இடையில் நின்றுதான் தெரிவு செய்ய வேண்டும்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே குளோனைப் பரந்த காணியில் நட்டால் ஒரு பூச்சி போதும். 2000களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய யூக்கலிப்டஸ் முடிச்சுக் குளவி, எதிர்ப்பில்லாத குளோன்களின் இலையிலும் தண்டிலும் கழலை கழலையாக வைத்து நாற்றுமேடைகளையே நாசமாக்கியது. அடுத்தது தண்ணீர். நிலத்தடி நீர் இறங்குகிறது என்ற கவலையால் கர்நாடக அரசு 2017இல் யூக்கலிப்டஸ் நடுகையைத் தடைசெய்தது. இங்கே மிளகாயும் வெங்காயமும் பப்பாசியும் கிணற்றை நம்பி நிற்கின்றன. கிணற்றடியிலும் குளத்தின் அலைகரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இந்த மரங்களுக்கு இடமில்லை. வயல் காணிக்கும் இது பொருந்தாது.

முடிவுக்கு வருகிறேன். இன்று இலங்கையில் மரத்தைக் காய்ச்சிக் கூழெடுக்கும் பெரிய ஆலை இல்லை. இல்லாத ஆலையை நம்பி ஏக்கர் கணக்கில் நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் மரம் வளர ஐந்தாறு வருடம் எடுக்கும். ஆலை வந்தபின் மரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆகவே இப்போது செய்யக்கூடியதைச் செய்வோம். மேட்டுக்காணியில் கால் ஏக்கர் ஒதுக்குங்கள். சவுக்கோ யூக்கலிப்டசோ மலைவேம்போ, எதுவானாலும் குறைந்தது மூன்று வெவ்வேறு மூலத்துக் கன்றுகளை வரிசை மாற்றி மாற்றி நடுங்கள். ஆலை வராவிட்டாலும் கம்பாகவும் விறகாகவும் வேலித்தூணாகவும் பணம் வரும். மூன்றாம் வருடம் முதல் பாடசாலைப் பிள்ளைகள் அளக்கட்டும். பச்சை மரத்துண்டைத் தண்ணீரில் அமிழ்த்தினால் எவ்வளவு தண்ணீர் விலகுகிறதோ அது கனவளவு. அதே துண்டை 103 பாகை சூட்டில் எடை மாறாமல் வரும்வரை உலர்த்தி நிறுத்தால் வருவது உலர் எடை. உலர் எடையைக் கனவளவால் பிரித்தால் அடர்த்தி. தராசும் அடுப்பும் இருந்தால் போதும். விசுவமடுவுக்கான எண்ணை விசுவமடுப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம்.

கன்று விற்க வருகிறவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது? அந்த இடத்து மழையும் மண்ணும் எங்களுடையதைப் போன்றவையா? அதன் அடர்த்தியையும் கூழ் விளைவையும் யார் அளந்தார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் வாங்குங்கள். ‘வேகமாக வளரும்’ என்பது மட்டுமே பதிலானால், அந்தக் கன்றுக்கு உங்கள் காணியில் இடம் கொடுக்க வேண்டாம்.